கோழிக்குத் தண்ணீர்: பழைய சட்டியை உடனே தூக்கிப் போடாதீர்கள்

பங்குனி பிறந்ததிலிருந்து வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றித்தான். கிணறு வற்றுகிறது, போர் தண்ணீர் உப்பாகிறது, சொட்டுநீர்க் குழாய் அடைக்கிறது என்று வரிசையாக வருகின்றன. அவற்றுக்கெல்லாம் அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன். இந்த முறை ஒரு கோழிக் கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. வெயில் ஏறுவதற்குள் பதில் போய்ச் சேராவிட்டால் பயனில்லை.

வேடசந்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

"ஐயா, வணக்கம். குழுவில் கடன் வாங்கி 40 நாட்டுக்கோழிக் குஞ்சு எடுத்து விட்டேன். மூன்றாவது வாரத்திலிருந்து ரத்தமாகக் கழிந்து ஒவ்வொன்றாகச் செத்தன. கால்நடை மருந்தகத்தில் மருந்து வாங்கிக் கொடுத்த பிறகு நின்றது. அதற்குள் 11 போய்விட்டது. மீதி 29 இப்போது இரண்டரை மாதம், நன்றாக இருக்கின்றன. மண்சட்டியில்தான் தண்ணீர் வைக்கிறேன். தினமும் கழுவுகிறேன், ஆனாலும் அரை நாளில் எச்சமும் மண்ணும் விழுந்து கலங்கிவிடுகிறது. நான் வைத்த தண்ணீரால்தான் குஞ்சு செத்தது என்று மாமியார் சொல்கிறார். என் அண்ணன் நாமக்கல்லில் கோழிப்பண்ணையில் வேலை பார்க்கிறார். அவர் பத்து நிப்பிளும் குழாயும் கொண்டுவந்து கொடுத்து, சட்டியை எடுத்துப் போட்டுவிட்டு இதை மாட்டு என்கிறார். வீட்டுக்காரரோ, நம் பாட்டி காலத்தில் கோழி சாக்கடைத் தண்ணீரைக் குடித்துத்தானே வளர்ந்தது என்கிறார். மாட்டலாமா, வேண்டாமா? இனி ஒன்று செத்தாலும் கடன் கட்ட முடியாது ஐயா."

சகோதரி, முதலில் ஒன்று. நான் வேளாண்மை படித்தவன், கால்நடை மருத்துவர் அல்ல. மருந்து விஷயத்தில் உங்கள் மருந்தகத்தில் சொன்னதே சரி. அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் வீட்டில் முப்பது வருடமாகக் கோழி இருக்கிறது. நிப்பிள் மாட்டி நான் ஒரு முறை கெடுத்தும் இருக்கிறேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் மாமியார் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். நீங்கள் சொல்கிற அறிகுறி ரத்தக்கழிச்சலுக்கு உரியது. மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரக் குஞ்சுகளைத்தான் அது அதிகம் பிடிக்கும். நோயுள்ள குஞ்சின் எச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத முட்டை போன்ற கிருமிக்கூடு வெளியே வரும். வந்தவுடன் அது நோயைக் கொடுக்காது. ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள இடத்தில் ஓரிரு நாள் கிடந்து பக்குவமான பிறகுதான் இன்னொரு குஞ்சுக்குத் தொற்றும். காய்ந்த மண்ணில் அது பெரும்பாலும் வீணாகிவிடும். அப்படியானால் குற்றவாளி எது? சட்டிக்குள் இருக்கும் தண்ணீரைவிட, சட்டியைச் சுற்றி எப்போதும் சொதசொதவென்று இருக்கிற அந்த இரண்டடி வட்டம்தான். குஞ்சுகள் அங்கே நின்றுதான் குடிக்கும், அங்கேயே எச்சமிடும், அங்கேயே கிளறித் தின்னும். நீங்கள் தினமும் சட்டியைக் கழுவினீர்கள், கழுவிய தண்ணீரை அங்கேயே ஊற்றியிருப்பீர்கள். நாம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். பிளீச்சிங் பவுடர் போட்டாலும் இந்தக் கிருமிக்கூடு சாகாது. உலர்ந்த தரைதான் அதற்கு எதிரி.

ஆகவே நிப்பிள் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும், இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சட்டியைத் தரையிலிருந்து தூக்குங்கள். இரண்டு செங்கல்லை அடுக்கி அதன்மேல் வையுங்கள். சட்டியின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருக்க வேண்டும். அந்த உயரத்தில் இருந்தால் கோழி கழுத்தை நீட்டிக் குடிக்கும், காலால் கிளறிய மண் உள்ளே விழாது, ஏறி நின்று எச்சமிடவும் வசதிப்படாது. செங்கல்லைச் சுற்றி ஒரு கூடை சரளையோ ஆற்று மணலோ கொட்டுங்கள். சிந்தும் தண்ணீர் கீழே இறங்கிவிடும். மூன்று நாளைக்கு ஒரு முறை இடத்தை மாற்றுங்கள். பழைய இடத்தில் வெயில் படட்டும். கழுவிய தண்ணீரைத் தென்னை மூட்டிலோ வாழையிலோ கொண்டுபோய் ஊற்றுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

இப்போது உங்கள் அண்ணன் சொல்வதற்கு வருகிறேன். அவர் தப்பாகச் சொல்லவில்லை. நிப்பிளில் வருகிற தண்ணீரில் எச்சம் விழாது, காக்கை வந்து வாய் வைக்காது, கொசு முட்டையிடாது, தரையும் பெரும்பாலும் காய்ந்திருக்கும். நாமக்கல்லில் பண்ணைகள் அதைப் பயன்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் பண்ணைக்கும் உங்கள் வாசலுக்கும் இரண்டு வித்தியாசம். ஒன்று, அங்கே கோழி குஞ்சாக இருக்கும்போதே நிப்பிளில் குடித்துப் பழகுகிறது. உங்கள் கோழிக்குத் தண்ணீர் என்றால் பளபளவென்று பரந்து கிடக்கிற ஒன்று. தொங்குகிற ஒரு இரும்புக் குச்சிக்குள் தண்ணீர் இருக்கிறது என்று அதற்கு யார் சொல்வது? இரண்டாவது, அங்கே கோழி கூண்டை விட்டு வெளியே போவதில்லை. உங்கள் கோழி ஊரைச் சுற்றிவிட்டு வருகிறது. நிப்பிள் பிடிக்காவிட்டால் நேராகப் பாத்திரம் கழுவுகிற இடத்துச் சாக்கடைக்குப் போகும். சுத்தமான தண்ணீருக்காகச் செலவு செய்துவிட்டு, கோழியைச் சாக்கடைக்குத் துரத்தியது போல் ஆகும்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் ஒரு உண்மை இருக்கிறது. ஆனால் பாட்டி வீட்டில் எத்தனை குஞ்சு பொரித்தது, எத்தனை கோழி ஆனது என்று யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை. கடன் வாங்காத கோழி செத்தால் கணக்கில் வராது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சாக்கடையைப் பற்றி ஒரு சொல். சட்டியில் நல்ல தண்ணீர் இருக்கும்போதும் கோழி அங்கே போகிறது என்றால், கோழிக்கு அறிவில்லை என்று நினைக்காதீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு உங்கள் சட்டியில் கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும். சாக்கடை பெரும்பாலும் சுவர் நிழலில் இருக்கும், குளிர்ச்சியாக இருக்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டை வெளியேற்றும். அந்த மூச்சோடு தண்ணீரும் போகிறது. சூடான தண்ணீரை அது வேண்டா வெறுப்பாகத்தான் குடிக்கும். எனவே எந்தப் பாத்திரம் என்று கடையில் கேட்பதற்கு முன், உங்கள் கோழிகள் மத்தியானம் எங்கே படுத்திருக்கின்றன என்று பாருங்கள். வேப்பமரத்தடியோ, வைக்கோல் போர் ஓரமோ, மாட்டுக் கொட்டகைச் சரிவோ, அந்த நிழலுக்குப் பத்தடிக்குள் தண்ணீர் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் பெரிதாக வைப்பதைவிட இரண்டு இடத்தில் சிறிதாக வைப்பது நல்லது. ஒரு இடத்தில் மட்டும் வைத்தால் பெரிய சேவல் ஒன்று காவல்காரன் மாதிரி நின்றுகொண்டு சின்னதுகளைக் கொத்தி விரட்டும்.

இனி என்ன பாத்திரம் என்பது. மண்சட்டியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம் வெயிலில் அதைப்போல் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைப்பது வேறு இல்லை. அதன் குறை, திறந்து கிடப்பது. கடையில் விற்கிற கவிழ்க்கும் டிரிங்கர், அதாவது மேலே குடுவையும் கீழே வட்டத் தட்டும் உள்ளது, குஞ்சுகளுக்கு மிகவும் ஏற்றது. வீட்டிலேயே செய்யலாம். மூடி நன்றாகப் பொருந்துகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து, வாய் விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளி ஒரு துளை போட்டு, தண்ணீர் நிரப்பி, இரண்டங்குல ஆழமுள்ள தட்டில் கவிழ்த்துவிடுங்கள். துளை வரை தண்ணீர் ஏறி நிற்கும், கோழி குடிக்கக் குடிக்க இறங்கும். துளை தட்டின் விளிம்பைவிடத் தாழ்வாக இருப்பதுதான் சூட்சுமம். டப்பாவின் மேல்பக்கம் மயிரிழை விரிசல் இருந்தாலும் காற்று புகுந்து தண்ணீர் முழுக்க வழிந்துவிடும்.

நிப்பிள் வாளிக்கு இதற்கு நேர் எதிரான விதி. காற்று உள்ளே போயே ஆக வேண்டும். இங்கேதான் என் கதை வருகிறது.

பதினைந்து வருடம் இருக்கும். அப்போது எங்கள் வீட்டில் பதினான்கு கோழி. திருகு மூடி போட்ட, கெட்டியான 20 லிட்டர் கேன் ஒன்றின் அடியில் நான்கு நிப்பிளை மாட்டினேன். தூசி விழக்கூடாது என்று மூடியை இறுக்கித் திருகினேன். பழைய கல்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டேன், அப்போதுதான் பழகும் என்று. விரலால் தட்டிப் பார்த்தேன், தண்ணீர் சொட்டியது. மறுநாள் விடியற்காலையில் இரண்டு நாள் பயிற்சிக்குக் கிளம்பிப் போய்விட்டேன். சித்திரை மாதம். அடுத்த நாள் மத்தியானம் அம்மா பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டார். "கோழியெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதுடா. கேன் நெறையத் தண்ணி இருக்கு, என்னான்னு தெரியல" என்றார். எனக்கும் உடனே பிடிபடவில்லை. கேன் நிறைய இருக்கிறது என்றதும் வேறு ஏதோ நோய் என்றுதான் நினைத்தேன். அம்மாதான் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, பேசாமல் கல்தொட்டியை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குடித்திருக்கின்றன. இரண்டு கோழி எழுந்திருக்கவில்லை. அதில் ஒன்று அம்மா அடை வைக்கலாம் என்று வைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து கேனைப் பார்த்தபோது தண்ணீர் இரண்டு விரல் அளவுகூட இறங்கவில்லை. மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. கொஞ்சம் தண்ணீர் வெளியேறியதும் உள்ளே காற்று இல்லாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டுவிட்டது. கோழி எவ்வளவு கொத்தினாலும் ஒரு சொட்டு வராது. மூடியில் ஒரு ஆணித் துளை போட்டிருந்தால் போதும். பட்டம் படித்தவன் செய்த வேலை இது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கல்தொட்டி இன்றைக்கும் எங்கள் வீட்டில் நிமிர்ந்துதான் இருக்கிறது.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது இரண்டு. நிப்பிள் வாளி நிறைந்திருப்பதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது, குறைந்திருப்பதைப் பார்த்துத்தான் அடைய வேண்டும். அடுத்தது, புதியதை வைக்கிற நாளும் பழையதை எடுக்கிற நாளும் ஒன்றாக இருக்கவே கூடாது.

சகோதரி, உங்கள் 29 கோழிக்கு எட்டு முதல் பத்துக் கோழிக்கு ஒரு நிப்பிள் என்று வைத்தால் நான்கு போதும். ஆனால் நான் சொன்னபடி இரண்டு இடத்தில் வைக்க, வாளிக்கு மூன்றாக ஆறு மாட்டுங்கள். மீதி நான்கு கையிருப்பில் இருக்கட்டும். கழன்று ஒழுகும்போது தேவைப்படும். அண்ணன் கொடுத்த குழாய் இப்போதைக்கு வேண்டாம். மூடியுள்ள பத்து லிட்டர் வாளி இரண்டு போதும். வெள்ளை வாளி வேண்டாம். வெளிச்சம் ஊடுருவி உள்ளே பாசி பிடிக்கும். அடர்ந்த நிற வாளி எடுங்கள், ஆனால் அது வெயிலில் இருந்தால் சீக்கிரம் சூடேறும், ஆகவே நிழலில்தான் தொங்க வேண்டும். சுற்றி ஈரச் சாக்கு கட்டினால் இன்னும் நல்லது. துளை போடும்போது நிப்பிளின் திருகுக்குச் சரியான அளவு பிட் எது என்று வாங்கிய கடையிலேயே கேட்டு வரச் சொல்லுங்கள். துளை அரை மில்லிமீட்டர் பெரிதானாலும் ஆயுள் முழுக்க ஒழுகும். பிளம்பர்கள் சுற்றுகிற வெள்ளை டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டுங்கள். மூடியில் ஆணித் துளை. இதை மறக்காதீர்கள்.

உயரம் முக்கியம். கோழி தண்ணீரை உறிஞ்சாது. புறா உறிஞ்சும், கோழிக்கு அது வராது. அலகில் அள்ளித் தலையைத் தூக்கித்தான் உள்ளே விடும், நீங்கள் தினமும் பார்ப்பதுதான். அதனால் நிப்பிள் தலைக்கு மேலே இருந்தால் அதற்கு வசதி. கழுத்தை மேலே நீட்டித் தொட வேண்டும், எம்பிக் குதிக்கக் கூடாது, குனியவும் கூடாது. குனிந்து பக்கவாட்டில் கொத்தினால் பாதித் தண்ணீர் தரையில் போகும். பிறகு அதே சொதசொதப்பு, அதே ரத்தக்கழிச்சல். வாளியைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். கோழி வளர வளர கயிற்றைச் சுருக்கிக்கொண்டே போகலாம். கூட்டுக்குள் தொங்கவிட வேண்டாம். இருட்டில் கோழி தண்ணீர் குடிக்காது, சொட்டுகிற தண்ணீர் தரையை நனைப்பதுதான் மிச்சம்.

பழக்குவது எப்படி என்பதுதான் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. கடைக்காரர்களும் இதைச் சொல்வதில்லை.

இப்போது சட்டி இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு முழ தூரத்தில் வாளியைத் தொங்கவிடுங்கள். சட்டியைத் தொடாதீர்கள். காலையில் திறந்துவிட்டு, கம்போ சோளமோ இறைத்து, அவை தின்று முடித்துத் தண்ணீர் தேடுகிற நேரம் பார்த்து, வாளி அருகே உட்கார்ந்து நிப்பிளின் குச்சியை விரலால் தட்டிக்கொண்டே இருங்கள். நுனியில் ஒரு சொட்டு தொங்கும். மின்னுகிற எதையும் கோழி கொத்தாமல் விடாது. கூட்டத்தில் இரண்டு மூன்று துடுக்கானதுகள் இருக்கும், அவைதான் முதலில் வரும். ஒன்று குடிப்பதைப் பார்த்து மற்றது கற்றுக்கொள்ளும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள். ஒரு வாரம் இப்படியே போகட்டும்.

இரண்டாவது வாரம் சட்டியை எடுக்க வேண்டாம், பத்தடி தள்ளி வையுங்கள். மூன்றாவது வாரம், காலையில் வெயில் ஏறும் முன் இரண்டு மணி நேரம் மட்டும் சட்டியை எடுத்துவிட்டு, பக்கத்திலேயே இருந்து பாருங்கள். எது நிப்பிளுக்கு வரவில்லையோ அதன் காலில் ஒரு துணி நாடாவைக் கட்டுங்கள். பிறகு சட்டியை வைத்துவிடுங்கள். நாடா கட்டிய கோழி ஒன்றாவது மிச்சம் இருக்கும்வரை சட்டி இருக்கட்டும். தாகத்தில் விட்டால் தானே குடிக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வாளியின் வெளிப்பக்கம் லிட்டருக்கு ஒரு கோடு பெயிண்ட்டால் போட்டுவையுங்கள். கணக்கு சுலபம். கோழி தின்னும் தீனியின் எடையைப்போல் சுமார் இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். உங்கள் கோழிகள் இந்த வயதில் ஐம்பது அறுபது கிராம் தின்னும் என்று வைத்தால், ஒன்றுக்கு நூறு, நூற்றிருபது மில்லி. இருபத்தொன்பதுக்கு மூன்று முதல் மூன்றரை லிட்டர். வெயில் கடுமையானால் இது இரட்டிப்பாகும். மேய்ச்சலில் வெளியேயும் கொஞ்சம் குடித்துவிட்டு வரும் என்பதால் கோடு கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனால் சட்டி இல்லாத நாளில் மாலை வரை வாளியில் அரை லிட்டர்கூடக் குறையவில்லை என்றால், உடனே மூடியைத் திறந்து பாருங்கள், நிப்பிளைத் தட்டிப் பாருங்கள். இன்னொரு சோதனை நம் பாட்டிமார் செய்ததுதான். மாலையில் அடைக்கும்போது இரண்டு மூன்று கோழியின் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் குடித்திருந்தால் பிசைந்த மாவு போல மெத்தென்று இருக்கும். கூழாங்கல் மூட்டை மாதிரி இறுகியிருந்தால் அது தீனி தின்றிருக்கிறது, தண்ணீர் குடிக்கவில்லை.

ஆக, மாட்டலாமா என்றால், மாட்டலாம். ஆனால் இப்போது கூடுதலாக மட்டும் மாட்டுங்கள். வாளியையும் பழக்கத்தையும் இந்த மாதம் தொடங்கிவையுங்கள். சட்டியை அக்னி நட்சத்திரம் முடிந்து, ஒரு மழையாவது பெய்த பிறகுதான் குறைக்க வேண்டும். கோடை நடுவில் கோழியின் தண்ணீர்ப் பழக்கத்தை மாற்றுவது, ஆற்று நடுவில் மாட்டை மாற்றிப் பூட்டுவதற்குச் சமம்.

சட்டியை அதன் பிறகும் பரணில் போட்டுவிடாதீர்கள். அடைகாக்கிற கோழி ஒரு நாளில் ஒரு தடவைதான் எழுந்து வரும், அதை நிப்பிளோடு மல்லுக்கட்ட வைக்கக் கூடாது. தாயோடு வருகிற குஞ்சுக்கு ஆழமில்லாத தட்டு வேண்டும். அதில் கூழாங்கல் நாலு போட்டால் விழுந்து நனையாது. வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்வார்கள். அந்த மருந்து உயிருள்ள கிருமி, குளோரின் பட்டால் செத்துவிடும். அன்றைக்குப் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் ஆகாது, கிணற்றுத் தண்ணீர்தான். சோப்பு வாடையில்லாத சட்டியில், லிட்டருக்கு ஐந்து கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கரைத்து, பிறகு மருந்தைக் கலந்து, ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும்படி வைக்க வேண்டும். எல்லாக் கோழியும் ஒரே நேரத்தில் குடிக்கத் திறந்த சட்டிதான் வசதி. நிப்பிள் வாளியில் கலந்தால் எது குடித்தது, எது குடிக்கவில்லை என்று தெரியாது.

உங்கள் மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். 11 போன பிறகு மருந்தகத்துக்கு ஓடி 29-ஐக் காப்பாற்றியதும் அதே கைதான்.

இதே விஷயத்தில் இன்னொரு கடிதம், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து. மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியிலிருந்து நேராகக் குழாய் இழுத்து எட்டு நிப்பிள் மாட்டினேன், எல்லா இணைப்பும் ஒழுகுகிறது, கோழியும் குடிப்பதில்லை என்கிறார் ஒரு தென்னை விவசாயி.

ஐயா, நிப்பிளில் குறையில்லை, அழுத்தம் அதிகம். பத்துப் பதினைந்து அடி உயரத்திலிருந்து வரும் தண்ணீர் உள்ளிருக்கும் குச்சியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கோழியின் அலகுக்கு அதைத் தள்ளுகிற பலம் கிடையாது. தள்ளினாலும் பீய்ச்சி அடித்து மிரட்டும். நிப்பிளுக்கு மேல் ஓரடி, இரண்டடி உயரத் தண்ணீர் போதும். நடுவில் ஒரு சின்ன வாளியை வைத்து, அதில் கழிப்பறைத் தொட்டியில் இருப்பது போன்ற மிதவை வால்வைப் பொருத்துங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் வாளிக்கு வரும், வாளியிலிருந்து நிப்பிளுக்குப் போகும். கறுப்புக் குழாய் வெயிலில் கிடந்தால் மத்தியானம் கோழிக்கு வெந்நீர்தான் கிடைக்கும். குழாயைத் தென்னை மட்டை போட்டு மூடுங்கள், அல்லது அரையடி ஆழத்தில் புதையுங்கள்.

நிப்பிள் நுனியில் வெள்ளையாகப் படிந்து அடைக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். அது சுண்ணாம்பு உப்பு. கழற்றி, எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் ஒரு இரவு ஊறப்போட்டால் விட்டுவிடும். ஆனால் அந்த அளவுக்குப் படிகிறது என்றால் தண்ணீரையே ஒரு தடவை பரிசோதித்துவிடுவது நல்லது. எங்கள் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் பாசனத் தண்ணீரையும் பரிசோதித்துக் கொடுக்கிறார்கள். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசிவிட்டு, ஒரு லிட்டர் பிடித்துக்கொண்டு போங்கள். அறிக்கையில் இ.சி. என்று ஒரு எண் இருக்கும். அதை 640-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்பது ஏறத்தாழ வந்துவிடும். 1,000-க்குள் இருந்தால் கோழிக்குக் கவலையில்லை. 3,000 வரை தாங்கும், ஆனால் எச்சம் தண்ணீராகப் போகும். அதைப் பார்த்து நோய் என்று பயந்து மருந்து வாங்குகிறவர்கள் நிறைய. 3,000-ஐத் தாண்டினால் தென்னைக்கு விடுவதோடு நிறுத்திக்கொண்டு, கோழிக்கு வீட்டுக் குடிநீரில் ஒரு வாளி ஒதுக்கிவிடுங்கள்.